ஏழு மணிக்குத் தறி ஓடும்

உங்களில் யாருக்காவது சால்வை வேண்டுமா? என்னிடம் ஒன்று இருக்கிறது. புத்தம் புதுசு. கிளிப்பச்சை நிறம், ஓரத்தில் ஜரிகை மாதிரி ஏதோ மின்னுகிறது. மொத்தமே இருபது நிமிஷம்தான் போர்த்தியிருக்கிறேன். மே மாத வெயிலில் அந்த இருபது நிமிஷத்துக்கே முதுகெல்லாம் வேர்க்குரு. வேண்டுமென்கிறவர்கள் திருப்பதிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். கொண்டுவந்து கொடுக்கிற பொறுமை எனக்கு இல்லை.

எனக்குப் பொறுமை இல்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நகரியில் நடந்ததைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள். கடைசி வரைக்கும் பேசுவீர்களா என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

நகரி என் சொந்த ஊர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர். தெருவுக்குத் தெரு பவர்லூம். எழுந்தாலும் தறிச் சத்தம், படுத்தாலும் தறிச் சத்தம். அதனாலேயே எங்கள் ஊர்க்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. திருமலை க்யூவில் நின்று நாங்கள் ரகசியம் பேசினால் கீழே மலையடிவாரத்தில் அலிபிரியில் செருப்பைக் கழற்றுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த ஊரில், நெசவாளர் காலனி ஸ்கூல் கிரவுண்டில், கோடைக் கலை விழா. கோலப்போட்டி, பிள்ளைகள் டான்ஸ் எல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் லைவ் மியூசிக். திருப்பதியிலிருந்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது. நடுவில் ஒரு பாட்டு — ஒரே ஒரு பாட்டு — எங்கள் வள்ளி பாடுவதாக ஏற்பாடு. நான் போனதே அதற்காகத்தான்.

வள்ளி என் சித்தப்பா மகள். வயது நாற்பத்து மூன்று. அந்த ஸ்கூல் சுவரை ஒட்டினாற்போல் ஒரு தறி ஷெட் இருக்கிறது. அங்கேதான் பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறாள். அவள் புருஷன் முனிரத்தினம் அதே ஷெட்டில் மேஸ்திரி. மேஸ்திரி என்றாலும் சும்மா நிற்க முடியுமா? அவளுக்கு எதிர் வரிசையில் அவருக்கும் நாலு தறி உண்டு.

வள்ளி பாடுவாள் என்பது எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தேன். முனிரத்தினம் நூல் எடுக்க வெளியே போயிருந்தார். வள்ளியிடம் கைசாடையில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே யார் யாரோடு பேசினாலும் கைசாடைதான். அவளும் தலையாட்டிவிட்டுத் தறிப்பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து கரெண்ட் போயிற்று. இருபத்து நாலு தறியும் ஒரே நொடியில் நின்றன. ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. அரை வரிதான். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா, நீ பாடுவியா?”

“ஐயோ, சும்மா இருண்ணா. யாராண்டயும் சொல்லிடாத. தெனமும் பாடிக்கினுதான் கீறேன். தறி ஓடச்சொல்ல எவன் காதுல வுழப்போவுது? கரெண்ட் போனா டக்குனு வாயை மூடிக்குவேன். இன்னிக்கி ஏமாந்துட்டேன்.”

“வீட்ல பாட மாட்டியா?”

“வீட்லயா? மாமியாரு கீறாங்க, பசங்க கீறாங்க, டிவி ஒரு பக்கம் கத்திக்கினு கீது. எங்க பாடறது?” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “என் கொரலு எப்டி கீதுன்னு எனக்கே தெரியாதுண்ணா. இந்தச் சத்தத்துல என் காதுக்கே கேக்காது. ஒரே ஒரு தபா, சத்தமே இல்லாத எடத்துல, நாலு பேரு முன்னாடி, ஒரு பாட்டை முழுசா பாடிப் பாத்துடணும். அவ்ளோதான் எனக்கு.”

பதினெட்டு வருஷம் தினமும் பாடிவிட்டுத் தன் குரல் எப்படி இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி! நாமெல்லாம் பாத்ரூமில் முணுமுணுப்பதைக்கூட செல்போனில் பதிவு பண்ணி நாலு க்ரூப்பில் போடுகிறோம்.

இந்த வருஷம் விழா என்றதும் கமிட்டித் தலைவர் பலராமன் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர்தான். “ஒரு பாட்டுதானே தம்பி, போட்டுடலாம்” என்று உடனே சரி சொல்லிவிட்டார். சிக்கல் ஷெட்காரரிடம்தான். தறியை நிறுத்தாமல் அந்த கிரவுண்டில் ஒரு பாட்டும் கேட்காது. மூன்று தடவை போய் உட்கார்ந்து கெஞ்சியதில் ஒருவழியாகச் சம்மதித்தார்.

“அஞ்சுலேர்ந்து ஏழு. ரெண்டு மணி நேரம். ஏழுக்கு நைட் ஷிஃப்ட். ஏழுன்னா ஏழு. பாட்டு முடிஞ்சாலும் சரி, முடியாட்டாலும் சரி, தறி ஓடும்.”

இரண்டு மணி நேரம். ஒரு பாட்டு. போதாதா? தாராளமாகப் போதும் என்று நானும் நினைத்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கே சரியாகத் தெரியவில்லை, பாருங்கள்.

முனிரத்தினத்திடமும் சொன்னேன். அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. “பாடட்டுமே மச்சான், எனக்கின்னா? ஏழுக்கு மெயினைப் போடணும். நான் ஷெட்டாண்டதான் இருப்பேன்” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு, சரியாக ஐந்து மணி. தறிகள் நின்றன.

அடடா, அந்த அமைதி! வேப்பமரத்தில் காக்காய் நகர்ந்து உட்காருவதுகூடக் கேட்டது. மாம்பழக் கலர் புடவையில் வள்ளி மேடையோரம் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ரெடி. ஜனம் ரெடி. ஆரம்பிக்க வேண்டியதுதானே?

சீஃப் கெஸ்ட் வரவில்லையாம்.

“எங்க வராரு?” என்றேன். “வடமாலப்பேட்டை தாண்டிட்டாரு” என்றார்கள். பத்து நிமிஷம் கழித்தும் வடமாலப்பேட்டைதான். இன்னும் பத்து நிமிஷம் கழித்து புத்தூர். புத்தூரில் யாரோ அவரை நிறுத்தி மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒருவர் மோர் குடித்து முடிக்கிற வரைக்கும் ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அமைதியில் முப்பத்தைந்து நிமிஷம் அப்படியே வீணாய்ப் போயிற்று.

வந்தார். குத்துவிளக்கு. ஃபேனை நிறுத்தாமல் விளக்கேற்றினால் எரியுமா? மூன்று தடவை அணைந்தது. மூன்றாவது தடவைதான் ஒருவருக்கு ஃபேன் ஞாபகம் வந்தது.

அப்புறம் சால்வை. நீங்களே சொல்லுங்கள்... வீட்டுக்கு வீடு துணி நெய்கிற ஊர். பிறந்ததிலிருந்து துணியைத் தவிர வேறெதையும் பார்க்காத ஜனம். அங்கே மேடை போட்டு ஒருவர் மேல் ஒருவர் துணி போர்த்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? சீஃப் கெஸ்டுக்கு ஒன்று, அவரோடு வந்தவருக்கு ஒன்று, அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு ஒன்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாவத்துக்காக ஒரு டெய்லருக்கும் ஒன்று.

இத்தனையும் இரண்டு மொழியில்! நிகழ்ச்சியைத் தொகுத்தவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். கணீரென்ற குரல், கண்டிப்பான நியாயவான். தெலுங்கில் ஒன்று சொன்னால் அதைத் தமிழிலும் சொல்லியே தீருவார். தமிழில் இருமினால் தெலுங்கிலும் இருமுவார் போலிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இரண்டு மொழியும் அத்துபடி. காய்கறிக்காரரிடம் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் பேரம் பேசி மறுபடி தெலுங்கில் சண்டை போடுகிற ஜனம் அது. யாருக்காக இந்த மொழிபெயர்ப்பு? கேட்டால், ஒரு மொழியை விட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாம். எங்கள் ஊரில் எந்தப் பக்கத்துக்காரன் எவன் என்று எங்களுக்கே தெரியாது!

ஆறு இருபதுக்குத்தான் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வழி பிறந்தது. முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டில் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதியை இழுத்துக்கொண்டிருக்கும்போது வாத்தியார் மேடையேறி அவர் தோளைத் தட்டினார். மண்டல ஆபீஸ் அதிகாரி ஒருவர் லேட்டாக வந்துவிட்டாராம். அவரை விட்டுவிட முடியுமா? பாட்டு நின்றது. சால்வை போர்த்தப்பட்டது. இரண்டு மொழியில். அப்புறம் பாடகர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமாம். எந்த இடத்தில் விட்டோம் என்றே பாவம் அவருக்கு மறந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் கொதித்துப் போயிருந்தேன். வள்ளியைப் பார்த்தேன். அவள் ஸ்கூல் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் காலியாகியிருந்தது. பலராமன் அண்ணனிடம் போய், “அடுத்தது வள்ளிதாண்ணே. நடுவுல எவனாவது வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று சத்தம் போட்டேன். அவரும் “அடுத்தது அவதான் தம்பி, நீ டென்ஷன் ஆவாத” என்று என் முதுகைத் தட்டினார்.

மணி ஆறு முப்பத்தெட்டு. வாத்தியார் மைக்கைப் பிடித்தார். “நம் மண்ணின் மைந்தர்... திருப்பதியில் வாழும் எழுத்தாளர்... வாரந்தோறும் நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பவர்...”

நான்தான்!

வேண்டாமென்று மறுத்திருக்கலாம். “மொதல்ல வள்ளி பாடட்டும்” என்று மூன்றே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பிறந்த ஊர். கைதட்டுகிறார்கள். கிளிப்பச்சைச் சால்வை தோளில் விழுகிறது. மைக் கைக்கு வருகிறது. எனக்கும் ஒரு கோபம் இருந்தது அல்லவா? அதை நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான், சத்தியமாக, நினைத்தேன்.

பேசினேன். எதைப் பற்றி? விழாக்களில் பேச்சைக் குறைத்து இசைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி!

ஒன்பது நிமிஷம் பேசியிருக்கிறேன். சால்வைக் கலாசாரத்தைக் கிண்டலடித்தேன், சிரித்தார்கள். சிரித்ததால் இன்னொரு ஜோக். அதற்கும் கைதட்டல். கைதட்டியதால் இன்னொன்று. நான் பேசிய அத்தனையையும் அந்த நியாயவான் வரி விடாமல் தெலுங்கில் சொன்னார், அதற்கும் தனியாகக் கைதட்டினார்கள். தெலுங்கில் என் ஜோக்குகள் இன்னும் நன்றாக இருந்ததால் நானே நின்று ரசித்தேன். முடித்துவிட்டுப் பெருமையாக ஓரத்தைப் பார்த்தால்... வள்ளி என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் கீழே தரையைப் பார்த்தாள்.

ஆறு ஐம்பத்தெட்டு.

சீஃப் கெஸ்ட் தின்றது போக, விளக்கு தின்றது போக, வள்ளியின் நேரத்தில் மிச்சத்தைத் தின்றது யார் என்று கணக்குப் போட எனக்கு அந்த நிமிஷத்தில் துணிச்சல் இல்லை. சால்வையை நாற்காலியில் எறிந்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். வள்ளியை மேடையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, பல்லவி மட்டும் பாடிட்டு எறங்கிடும்மா. நேரமாயிடுச்சி” என்றார் பலராமன் அண்ணன்.

கீபோர்டு வாசிக்கிறவர் பாகாலா ஊர்க்காரர். “ஏ ஸ்ருதி அம்மா?” என்று தெலுங்கில் கேட்டார். எந்தச் சுருதி என்று. வள்ளி முழித்தாள். “எனக்கு அதெல்லாம் தெரியாது சார்” என்றாள். அவர் சிரித்தார். “பர்வாலேது. மீரு பாடண்டி, நேனு பட்டுகுண்டானு” என்றார். நீங்கள் பாடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று. அன்றைக்கு அந்த மேடையில் பேசப்பட்டதிலேயே உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

அதற்குமேல் நான் நிற்கவில்லை. ஸ்கூலின் சைடு கேட் வழியாக ஷெட்டுக்கு ஓடினேன். முனிரத்தினத்தின் காலில் விழுந்தாவது ஐந்து நிமிஷம் வாங்கிவிட வேண்டும். கேட்டைத் தாண்டும்போதே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஒரு பழைய சினிமாப் பாட்டு. எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யூட்யூபில் ஒரிஜினலைத் தேடிப்போய் ஒப்பிடுவீர்கள். முதல் வரியிலேயே மைக் ‘ஙொய்ங்’ என்று அலறியது. ஏன் தெரியுமா? இருபத்து நாலு தறிக்கு எதிராகப் பாடிப் பழகிய தொண்டை அது. வேறு மாதிரி பாட அவளுக்குத் தெரியாது. யாரோ மைக்கைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். அலறல் நின்றது. பிறகு வந்தது வெறும் குரல். கிரவுண்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ஷெட்டின் தகரக் கூரை வரைக்கும் வந்தது. கொஞ்சம் கரகரப்பு. இரண்டு இடத்தில் சுருதி விலகியது. ஆனால் என்ன ஒரு குரல் அது!

ஷெட் வாசலில் நைட் ஷிஃப்ட் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் முகமும் ஸ்கூல் சுவர்ப் பக்கம். உள்ளே முனிரத்தினம். மெயின் ஸ்விட்ச் மேல் கை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு ஒன்று.

“மாப்ளே, அஞ்சே நிமிஷம்...” என்று மூச்சிரைக்க ஆரம்பித்தேன். அவர் மறு கையைத் தூக்கி என்னை அடக்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல்லவி முடிந்தது. இறங்கச் சொல்லியிருந்தார்களே? இறங்கவில்லை அவள். சரணத்துக்குப் போனாள். முனிரத்தினத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். ஷெட்காரர். அடித்து ஓயட்டும் என்று திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி அடித்தது. அந்த மனிதர் அசையவில்லை.

இரண்டாவது சரணமும் வந்தது. முழுப் பாட்டு. கடைசி வரியை இரண்டு தடவை பாடி முடித்தாள். கைதட்டல் எழுந்தது. எனக்குக் கிடைத்ததை விட அதிகம். பொறாமையாக இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

“ரொம்ப தேங்ஸ் மாப்ளே” என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அவர் இன்னும் ஸ்விட்ச்சைப் போடவில்லை. மெதுவாக — எங்கள் ஊரில் ஒருத்தர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் — சொன்னார்:

“பதினெட்டு வருசமா எதிர்த் தறியில நின்னுக்கினு வாயை ஆட்டிக்கினே கெடப்பா மச்சான். என்னைப் பாத்துப் பாத்து ஆட்டுவா. நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? என்னைத் திட்டறான்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்புறம் நீ இன்னா பண்ணே?”

“இன்னா பண்றது? நானும் வுடாம திருப்பித் திட்டிக்கினு இருந்தேன்.”

சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். அதற்கப்புறம் அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

இதோடு முடிந்ததென்று, எறிந்த சால்வையையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திருப்பதி வந்து சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். வள்ளிதான்.

“அண்ணா, அன்னிக்கி அவராண்ட நீ இன்னா சொன்னே?”

“நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. ஏன்?”

“ரெண்டு நாளா தறியை வுட்டுட்டு என் எதிர்ல வந்து நின்னுக்கினு வாயையே பாத்துக்கினு கீறாரு. இன்னா பாட்டு, இன்னா பாட்டுன்னு கைசாடையில கேட்டுக்கினே கீறாரு.”

“நல்லதுதானேம்மா. இப்பவாவது கேக்கறாரே!”

“இன்னா நல்லது?” என்றாள் அலுத்துக்கொண்டு. “நடுவுல நடுவுல நெஜமாவே திட்டுவேண்ணா. இனிமே அதை எங்க போய்ச் சொல்றது?”